ஹேங்கர் திண்ணை: நான்சி பேர்ட் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், சிட்னிக்கு மேற்கே உருவாகியிருக்கும் புதிய விமான நிலையத்துக்கு நான்சி பேர்ட் வால்டன் என்ற பெண் விமானியின் (1930-களில் நர்ஸை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவின் ஒதுக்குப்புற ஊர்களுக்குப் பறந்தவர்) பெயரை வைத்திருப்பதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஜெட் எஞ்சின், இடி மின்னல், விமானத்தில் காது அடைப்பு என்று வழக்கமாக வரும் கேள்விகள் எல்லாம் இந்த முறை ஓரம்போய்விட்டன. பாதிக்கு மேல் அவரைப் பற்றித்தான். சரி, இந்தத் தடவை திண்ணை முழுக்க அவருக்கே.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வரலாற்று ஆசிரியன் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில் சின்ன விமானங்களுக்கு ஸ்பேனர் பிடித்து ஓய்வுபெற்றவன். பதில்களில் எண்ணெய் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். நான்சி பேர்ட் எப்படி விமானி ஆனார்? அவர் வீட்டில் ரொம்ப வசதியா?
— மாணவி ஒருவர்

விமானம் வாங்கித் தரும் வசதி எந்த வீட்டில்தான் இருந்தது மகளே! 1915 அக்டோபர் 16-ல், நியூ சவுத் வேல்ஸின் கடலோரப் பக்கம் கியூ என்ற சிற்றூரில் பிறந்தார். 13 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டாயிற்று. மவுண்ட் ஜார்ஜ் என்ற ஊரில் அப்பாவுக்குக் கடை. அங்கே வேலை, வீட்டு நிர்வாகம், சமையல் எல்லாம் இவர் தலையில்தான். அந்தக் காலத்தில் ஊர் ஊராக விமானம் கொண்டுவந்து, காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார்கள். வாக்கோப் ஊரில் அப்படி ஒரு விமானத்தில் ஏறியவர், சும்மா சுற்றிவந்தால் போதாது என்று கூடுதலாகக் காசு கொடுத்துக் குட்டிக்கரணமும் அடிக்கச் சொன்னாராம். அத்தோடு முடிவு செய்துவிட்டார்.

அப்புறம் சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித். 1928-ல் பசிபிக் பெருங்கடலை முதன்முதலில் விமானத்தில் கடந்தவர். ஆஸ்திரேலியாவில் அவருக்கு அன்றைக்கு இருந்த பெயர் ஒரு சினிமா நட்சத்திரத்துக்குக்கூட இருந்திருக்காது. அவர் சிட்னியின் மாஸ்காட்டில் பயிற்சிப் பள்ளி தொடங்கியதும் 1933-ல் 17 வயதில் நான்சி போய் நின்றார். பெண்கள் விமானம் ஓட்டுவதை ஸ்மித் பெரிதாக ஆதரித்தவர் அல்ல. ஆனாலும் கட்டணம் கட்டி வந்த பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தார். நான்சி ஐந்தடிக்குச் சற்றே பக்கத்தில் நிற்கும் உயரம். இருக்கையில் மெத்தைகளை அடுக்கி உட்கார்ந்தால்தான் வெளியே பார்க்க முடியும், கால் மிதியும் எட்டும்.

19 வயதில் வணிக உரிமம் வாங்கினார். காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றலாம் என்ற உரிமம் அது. ஆஸ்திரேலியாவில் அதற்கு முன் அவ்வளவு சின்ன வயதில் எந்தப் பெண்ணும் அதை வாங்கியதில்லை. அப்பா கொடுத்ததும், உறவுக்காரப் பாட்டி ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போனதுமாகச் சேர்த்து ஒரு பழைய கிப்சி மாத் விமானம் வந்தது. பெகி மெக்கிலப் என்ற இன்னொரு இளம் விமானியோடு 1935-ல் ஊர் ஊராகப் போனார். கண்காட்சி, குதிரைப் பந்தயம் என எங்கே கூட்டம் கூடுகிறதோ அங்கே விமானத்தை இறக்கி, டிக்கெட் விற்று, ஆளை ஏற்றிச் சுற்றிக் காட்டுவது. தன்னை மயக்கிய அதே வேலைதான், இப்போது பைலட் இருக்கையில் இவர்.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். வானத்திலிருந்து வந்து இறங்கி அப்படி என்ன மருத்துவம் பார்த்தார்கள்? அந்தக் குட்டி விமானத்தில் ஆபரேஷனா செய்ய முடியும்?
— வாசகி ஒருவர்

சகோதரி, நீங்கள் கேட்டதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஆபரேஷன் எல்லாம் இல்லை. எடை பார்த்தார்கள்!

ஸ்டான்லி டிரம்மண்ட் என்று ஒரு மெதடிஸ்ட் பாதிரியார். அவரும் மனைவி லூசியும் 1924-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். மேற்கு எல்லையில் காய்ந்த பூமியில் வளரும் குழந்தைகளைச் சிட்னியின் மேன்லி கடற்கரைக்கு அழைத்துவந்து தங்கவைத்து, வைத்தியமும் பார்ப்பது. புழுதியும் ஈயும் சேர்ந்து கொண்டுவரும் கண் நோய் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தியது; சிலருக்குப் பார்வையே போய்விடும். பிள்ளைகளைக் கடலுக்குக் கொண்டுவருவது ஒரு பக்கம் நடக்கட்டும், நர்ஸை அவர்களிடம் கொண்டுபோனால் என்ன என்று டிரம்மண்டுக்குத் தோன்றியது. அதற்குத்தான் 1935-ல் நான்சியை அமர்த்தினார்.

தலைமையிடம் பர்க். சிட்னியிலிருந்து வடமேற்கே கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் தள்ளி, டார்லிங் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். அங்கிருந்து வனாரிங், ஹங்கர்ஃபோர்ட் போன்ற இடங்களுக்கு நர்ஸை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஹங்கர்ஃபோர்ட் என்றால் குயின்ஸ்லாந்து எல்லை. காட்டு நாய் உள்ளே வராமல் இருக்கப் போட்ட வேலி ஊருக்குள்ளேயே ஓடும். ஒவ்வொன்றும் சுமார் 200 கிலோமீட்டர் தூரம். தரை வழியாகப் போனால் புழுதிப் பாதை, ஆட்டுப் பண்ணைக்கு ஆட்டுப் பண்ணை கேட். இறங்கிக் கேட்டைத் திறந்து, வண்டியை விட்டு, மறுபடி இறங்கி மூடி… அந்தப் பக்கம் வேலை பார்த்த எனக்குத் தெரியும், தூரத்தைவிடக் கேட்தான் ஆளைக் கொல்லும். கேட்டை மூடாமல் போனால் பண்ணைக்காரர் கொல்வார். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டி அங்கேயே நிற்கும். கிப்சி மாத்தில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம்.

இறங்கியதும் சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து தாய்மார்கள் குழந்தைகளோடு வந்திருப்பார்கள். நர்ஸ் எடை பார்ப்பார், பால் குடிக்கிறதா என்று கேட்பார், கண்ணைப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், முதல் பிள்ளை பெற்ற பெண்ணின் பயத்தைக் கேட்பார். பக்கத்து வீடு என்பதே 30, 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில், 'என் பிள்ளை ஏன் அழுகிறது' என்று இன்னொரு பெண்ணிடம் கேட்கக் கிடைத்த வாய்ப்பு அது. இதில் பத்திரிகைத் தலைப்புக்கு ஒன்றுமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எடை ஏறாத குழந்தையை ஆறு மாதம் முன்னாலேயே கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவசரம் வந்தால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வேலையும் இதே விமானத்துக்குத்தான்.

அந்த நர்ஸ்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது என் பழைய குறை. கிப்சி மாத்தில் கூரை கிடையாது. ஒருவர் பின் ஒருவராக உட்காரும் இரண்டு திறந்த குழிகள்தான். விமானி பின்னால், பயணி முன்னால். அதாவது எஞ்சினின் சூடும் சத்தமும் எண்ணெய்த் துளியும் முதலில் நர்ஸ் முகத்தில்தான். பேச வேண்டுமென்றால் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் கத்த வேண்டும். முற்பகல் தாண்டிவிட்டால் செம்மண் சூடேறி, வெப்பக் காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். விமானியின் கையிலாவது விமானத்தைத் திருப்பும் ஸ்டிக் இருக்கிறது. அந்த நர்ஸ் எதைப் பிடித்துக்கொண்டார்?

அந்தக் காலத்தில் ரேடியோ கிடையாது, ராடார் கிடையாது. அப்புறம் எப்படிச் சார் வழி கண்டுபிடித்தார்கள்? குத்துமதிப்பாகவா?
— ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

ஐயா, குத்துமதிப்பு இல்லை, உங்கள் பாடம்தான். திசைகாட்டியில் திசை, கையில் கடிகாரம், விமானத்தின் வேகம். இத்தனை நிமிடம் இந்தத் திசையில் போனால் இத்தனை மைல். இதில் தவறு எங்கே நுழையும் என்றால் காற்றில். பக்கவாட்டுக் காற்று 20 மைல் வேகத்தில் அடித்தால் ஒரு மணி நேரத்தில் 20 மைல் தள்ளி நிற்பீர்கள். முல்கா புதர் மண்டிய சமவெளியில் 20 மைல் தள்ளி நின்றால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

ஆகவே கண்ணால் சரிபார்த்துக்கொண்டே போக வேண்டும். அந்தப் பகுதிக்கு விமானிகளுக்கென்று தனி வரைபடம் கிடையாது. மோட்டார்காரர்களுக்கான சாலை வரைபடத்தைத்தான் நான்சி பயன்படுத்தினார். நிங்கனிலிருந்து பர்க் வரை அப்போது ஓடிய ரயில் பாதை வளைவே இல்லாமல் நேராகப் போகும், அதைப் பிடித்துக்கொள்ளலாம். டார்லிங் ஆறு அப்படி இல்லை, பாம்பு கெட்டது. அதன் ஒவ்வொரு வளைவுக்கும் நீங்கள் வளைந்தால் பெட்ரோல் தீர்ந்துவிடும். மரவரிசையைத் தூரத்தில் வைத்துக்கொண்டே பறக்க வேண்டும். பண்ணை வேலிகள் நல்ல துணை. மேலிருந்து பார்த்தால் வேலிக்கு இந்தப் பக்கம் ஆடு மேய்ந்து மொட்டையாக இருக்கும், அந்தப் பக்கம் புல் இருக்கும், கோடு கிழித்ததுபோல் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது காற்றாலை. மின்சாரத்துக்கு அல்ல, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஆட்டுக்குத் தண்ணீர் இறைப்பதற்கு. ஒவ்வொரு பண்ணையிலும் ஒன்றாவது நிற்கும். அதன் வால் தகடு காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். விமானத்தை எப்போதும் காற்றுக்கு எதிராகத்தான் இறக்க வேண்டும். ஆக, அந்த வாலைப் பார்த்தால் எந்தப் பக்கத்திலிருந்து இறங்குவது என்று தெரிந்துவிடும். பண்ணைக்காரர்கள் பச்சை இலையைப் போட்டுப் புகை மூட்டியும் காட்டுவார்கள்.

இறங்கும் இடம் என்ன, ஓடுபாதையா? காய்ந்த களிமண் தரை, இல்லை மேய்ச்சல் நிலம். முயல் வளை ஒன்று போதும் சக்கரக் காலை முறிக்க. முதலில் தாழ்வாக ஒரு சுற்று, ஆடு, கங்காரு, மரக்கட்டை எல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் இறங்குவது. இது இன்றும் மாறவில்லை. ஒதுக்குப்புறங்களுக்கு விமானத்தில் டாக்டரை அனுப்பும் 'பறக்கும் டாக்டர்' சேவையின் விமானம் வருகிறது என்றால் பண்ணைக்காரர் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடுபாதையில் ஒரு முறை போய்க் கங்காருகளை விரட்டிவிட்டு வருவார். இரவில் விளக்கு இல்லாத இடங்களில், டாய்லெட் பேப்பர் சுருளை டீசலில் ஊறவைத்துத் தகர டப்பாவில் போட்டு வரிசையாகக் கொளுத்திவைப்பதும் உண்டு. மணிக்கணக்கில் எரியும். சிரிக்காதீர்கள், அருமையான ஏற்பாடு.

எஞ்சின் நின்றுபோனால்? பயமே இருந்திருக்காதா அவருக்கு?
— கல்லூரி மாணவர்

பயம் இருந்திருக்கும் தம்பி, இல்லாத விமானியோடு நான் ஏற மாட்டேன். எஞ்சின் நின்றால் விமானம் கல்லாக விழாது, சறுக்கிக்கொண்டே இறங்கும். கீழே தட்டையான இடம் இருந்தால் பிழைக்கலாம். பிரச்சினை அதற்குப் பிறகுதான்: 45 டிகிரி வெயில், ரேடியோ இல்லை, யாரும் வராத இடம். தண்ணீர் இல்லாமல் கிளம்பவே கூடாது.

அதைவிட முக்கியம், நிற்காமல் பார்த்துக்கொள்வது. இங்கே என் தொழில் பேச்சு கொஞ்சம் வரும். கிப்சி வகை எஞ்சின் எனக்குக் கை பழக்கம். டைகர் மாத் விமானத்தில் இருப்பதும் அந்தக் குடும்பத்து கிப்சி மேஜர்தான். நாலு சிலிண்டர், காற்றால் குளிர்வது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அந்தப் பிளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கத் தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ. ஒன்று செத்தாலும் மற்றது ஓட்டும். எளிய எஞ்சின், ஆனால் தினமும் கவனிப்பு கேட்கும். வால்வைத் தள்ளும் டப்பெட்டின் இடைவெளி பார்க்க வேண்டும், எண்ணெய் கசியாத நாளே கிடையாது. கசியவில்லை என்றால் டேங்கில் எண்ணெய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்று எங்கள் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், சொல்வோம்.

பர்க்குக்கு வெளியே நான்சிக்கு மெக்கானிக் யார்? அவரேதான். பெட்ரோல் நாலு காலன் தகர டின்னில், இரண்டிரண்டாக மரப்பெட்டியில் வரும். டின்னில் துருவும் தண்ணீரும் கலந்திருக்கலாம். அதனால் புனலில் பதப்படுத்திய மான் தோலை விரித்து அதன் வழியாகத்தான் ஊற்ற வேண்டும். பெட்ரோல் இறங்கும், தண்ணீர் தோல்மேல் முத்து முத்தாக நிற்கும். புழுதிக் காற்றில், ஈ மொய்க்க, டின்னைத் தூக்கி இறக்கைக்கு மேலே இருக்கும் டேங்கில் ஊற்றுவது ஐந்தடிப் பெண்ணுக்கு எவ்வளவு வேலை! எஞ்சினைக் கிளப்பவும் பொத்தான் இல்லை. முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்றிவிட்டு உடனே பின்வாங்க வேண்டும். அந்த நொடியில் கால் வழுக்கினால் கதை முடிந்தது.

பத்திரிகைகள் அவரை 'அவுட்பேக்கின் தேவதை' என்று எழுதின (அவுட்பேக் என்றால் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதி). எழுதட்டும். எனக்குப் பிடித்த நான்சி, மான் தோலைப் பிழிந்து காயப்போடும் நான்சி.

விமானத்தில் மருத்துவம் கொண்டுபோவதை முதலில் செய்தவர் ஜான் ஃபிளின் அல்லவா? அவர் படம் நோட்டிலேயே இருக்கிறதே. இந்தப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு தூக்கல்?
— வாசகர் ஒருவர்

தூக்கவில்லை ஐயா. ஃபிளின் முன்னோடி, சந்தேகமே இல்லை. ஆஸ்திரேலிய 20 டாலர் நோட்டில் அவர் இருப்பது நியாயமானதுதான். பிரஸ்பிடேரியன் பாதிரியார். கிளிஃபர்ட் பீல் என்ற இளம் படைவீரர் 1917-ல், விமானத்தில் டாக்டரை அனுப்பினால் எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். பீல் அடுத்த ஆண்டே பிரான்ஸில் போரில் இறந்துவிட்டார். ஃபிளின் அந்த யோசனையை விடவில்லை. 1928 மே 17-ல் குயின்ஸ்லாந்தின் குளோன்கரியிலிருந்து ஜூலியா கிரீக்குக்கு முதல் டாக்டர் விமானம் கிளம்பியது. டாக்டர் கென்யன் செயின்ட் வின்சென்ட் வெல்ச், விமானி ஆர்தர் அஃப்ளெக். விமானம் குவாண்டாஸ் விமான நிறுவனத்தின் டி.ஹெச். 50, மைலுக்கு இரண்டு ஷில்லிங் வாடகை. முதல் ஆண்டில் 50 பயணங்கள், 225 நோயாளிகள். அடுத்த ஆண்டே ஆல்ஃபிரெட் டிரேகர், சைக்கிள்போல் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோவைக் கொண்டுவந்தார். டாக்டர் வேண்டும் என்று சொல்லவே வழியில்லாத இடத்துக்கு டாக்டரை எப்படி அனுப்புவது? என்னைக் கேட்டால் அந்த மிதி ரேடியோதான் பாதி வெற்றி.

ஆனால் குளோன்கரி எங்கே, பர்க் எங்கே? நியூ சவுத் வேல்ஸின் மேற்கே பறக்கும் டாக்டர் சேவை பிரோக்கன் ஹில்லில் வேரூன்றியது 1930-களின் பிற்பாதியில்தான். நான்சி 1935-லேயே பர்க்கில். தவிர, ஃபிளின் பக்கம் ஒரு திருச்சபை அமைப்பு, நன்கொடை, ஒரு விமான நிறுவனம் எல்லாம் இருந்தன. இந்தப் பக்கம் 20 வயதுகூட ஆகாத ஒரு பெண், சொந்த விமானம்.

சம்பளம் எவ்வளவு சார்?
— கணக்காளர்

உங்கள் தொழில் புத்தி! சம்பளக்காரராக இல்லை, ஒப்பந்தக்காரராகத்தான் அவர் இருந்தார். விமானம் அவருடையது என்பதால் தேய்மானம், இன்ஷூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் அவர் பாடு. கிப்சி மாத் போதவில்லை என்று லெபர்ட் மாத் வாங்கினார், அதுவும் கடனில். மூடிய அறை, முன்னால் விமானி, பின்னால் இரண்டு பேர் உட்காரலாம். 130 குதிரைத்திறன். எஞ்சின் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருப்பதால் முன்னால் சிலிண்டர் மறைக்காது, தரை நன்றாகத் தெரியும். இன்னொரு அழகு அதில்: சக்கரக் கால்களை மூடியிருக்கும் தகட்டை விமானி உள்ளிருந்தே குறுக்காகத் திருப்பலாம்; காற்றை மறித்து வேகம் குறையும். குட்டையான களத்தில் இறங்குகிறவருக்கு இது வரப்பிரசாதம்.

1936-ல் பிரிஸ்பேனிலிருந்து அடிலெய்டு வரை நடந்த விமானப் போட்டியில் அதை ஓட்டி மகளிர் கோப்பையும் வாங்கினார். அப்புறம் குயின்ஸ்லாந்து பக்கம் வாடகைப் பயணங்களும் ஓட்டினார். ஊர் கொண்டாடியது உண்மை; அந்தக் கொண்டாட்டத்தில் கடன் தவணை அடையாது.

இந்தச் சேவை எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தானே? பழங்குடி மக்களை யார் பார்த்தார்கள்?
— ஆய்வு மாணவி

கேட்க வேண்டிய கேள்வி. பர்க் வட்டாரம் நெம்பா, பார்க்கிஞ்சி மக்களின் மண். டார்லிங் ஆற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் பாக்கா. 1930-களில் அந்த மாநிலத்தில் பழங்குடி மக்கள் எங்கே தங்கலாம், பிள்ளைகள் யாரிடம் வளரலாம் என்பதையெல்லாம் அரசின் 'பாதுகாப்பு வாரியம்' தீர்மானித்தது. அந்தக் காலப் பத்திரிகையில் 'அவுட்பேக் தாய்' என்று எழுதினால் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பண்ணை வீட்டுத் தாய்தான். இந்தக் கதையைச் சொல்லும்போது அதை மறைக்கக் கூடாது.

ஒரு தலைமுறை தாண்டி நிலைமை கொஞ்சம் மாறியது. ராபின் மில்லரைச் சொல்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியாக்காரர், செவிலியர், விமானி, இரண்டும் ஒருவரே. நான்சியும் அந்த முன்னிருக்கை நர்ஸும் சேர்ந்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1967-ல் போலியோ சொட்டு மருந்தோடு மாநிலத்தின் வடக்கே தனியாகப் பறந்தார். மருந்தைச் சர்க்கரைக் கட்டியில் விட்டுக் கொடுப்பார். பழங்குடிப் பிள்ளைகள் அவருக்கு 'சர்க்கரைப் பறவை அம்மா' என்று பெயர் வைத்தார்கள். 43,000 மைல் பறந்து 37,000 தவணை மருந்து கொடுத்திருக்கிறார். அதே 1967-ல்தான், பழங்குடி மக்களையும் நாட்டின் மக்கள்தொகையில் சேர்த்து எண்ணலாம் என்று ஆஸ்திரேலியர்கள் வாக்களித்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராபின் 1975-ல் புற்றுநோயில் போய்விட்டார், 35 வயது. அவரைப் பற்றி இன்னொரு இதழில் தனியாக எழுத ஆசை.

இவ்வளவு திறமைசாலி ஏன் சீக்கிரமே விட்டுவிட்டார்? கல்யாணமா?
— இல்லத்தரசி

கல்யாணத்துக்கு முன்னாலேயே களைத்துவிட்டார் அம்மா. வெயில், புழுதி, கடன், தனிமை என்று சில வருஷம் ஓட்டிப் பாருங்கள். 1938-ல் ஐரோப்பா போய் அங்குள்ள விமானப் போக்குவரத்தைச் சுற்றிப் பார்த்தார். திரும்பிவந்து 1939-ல் சார்லஸ் வால்டனை மணந்தார்; இரண்டு பிள்ளைகள். போர்க்காலத்தில் விமானப் படைக்குத் துணையாகப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1950-ல் ஆஸ்திரேலியப் பெண் விமானிகள் சங்கத்தைத் தொடங்கினார். 1958-ல் அமெரிக்காவில் பெண்களுக்கான நெடுந்தூரப் போட்டியில் கலந்துகொண்டு ஐந்தாவதாக வந்தார். விட்டவர் செய்கிற வேலையா இது?

அவர் பெயரில் ஒரு பெரிய விமானம் இருந்ததாகவும் அது வெடித்ததாகவும் கேள்விப்பட்டேன். உண்மையா?
— வாசகர் ஒருவர்

விமானம் வெடிக்கவில்லை, எஞ்சின் வெடித்தது. குவாண்டாஸின் முதல் ஏ380 ரக விமானத்துக்கு 2008-ல் 'நான்சி பேர்ட் வால்டன்' என்று பெயர் சூட்டினார்கள். 92 வயதில் அவரே வந்திருந்து பார்த்தார். மறு ஆண்டு ஜனவரி 13-ல், 93 வயதில் காலமானார்.

2010 நவம்பர் 4-ல் அந்த விமானம் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பியது, உள்ளே 469 பேர். கிளம்பிச் சில நிமிடத்தில் இரண்டாம் எண் எஞ்சினுக்குள் ஒரு சின்ன எண்ணெய்க் குழாயில் விரிசல். குழாயைக் கடையும்போது துளை மையத்திலிருந்து விலகிவிட்டது, ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிட்டது. எண்ணெய் கசிந்து தீப்பிடித்து, டர்பைன் தட்டு தெறித்து, துண்டுகள் இறக்கையைத் துளைத்து வயர்களை அறுத்துவிட்டன. திரையில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. விமானிகள் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து, சுமார் இரண்டு மணி நேரம் வானில் இருந்துவிட்டு, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலேயே இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. இறங்கிய பிறகும் வேடிக்கை முடியவில்லை: வயர் அறுந்ததால் முதலாம் எண் எஞ்சினை நிறுத்தவே முடியவில்லை. தீயணைப்பு வண்டிகள் மணிக்கணக்கில் நுரையையும் தண்ணீரையும் அடித்துத்தான் அடக்கின. அந்த விமானத்தைப் பழுதுபார்த்து மறுபடி பறக்கவிட்டார்கள்.

விமான நிலையப் பெயர் 2019-ல் அறிவிக்கப்பட்டது. சிட்னியின் பழைய விமான நிலையம், அதே மாஸ்காட், கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் பெயரில் இருக்கிறது. ஆக ஒரே ஊரில் வாத்தியார் பெயரில் ஒன்று, மாணவி பெயரில் ஒன்று.

என் மகள் விமானி உரிமம் வாங்கியிருக்கிறாள். பறக்கும் டாக்டர் விமானத்தை ஓட்ட வேண்டும் என்கிறாள். நேராகப் போய்ச் சேர முடியுமா?
— ஒரு தந்தை

நேராக முடியாது ஐயா. முதலில் ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்பு ஆணையமான காசாவின் முறைப்படி உரிமத்தை மாற்ற வேண்டும். வேலை செய்ய விசா தனி. அப்புறம் அனுபவம். பறக்கும் டாக்டர் சேவையில் கிங் ஏர், பி.சி. 12 போன்ற விமானங்களை இரவில், மண் ஓடுபாதையில், பெரும்பாலும் ஒரே விமானியாக இறக்க வேண்டும். புதிதாக உரிமம் வாங்கியவரை அதில் உட்கார வைக்க மாட்டார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளே முதலில் நாட்டின் வடக்கே குனுனரா, புரூம், டார்வின் பக்கம் போய், ஒற்றை எஞ்சின் செஸ்னாவில் சுற்றுலாப் பயணிகளையும் தபாலையும் ஏற்றிப் பறந்த மணிக்கணக்கைச் சேர்க்கிறார்கள். விமானம் கழுவ, அலுவலகத்தில் போன் எடுக்க என்று காத்திருப்பவர்களும் உண்டு. மழைக்காலம் முடிந்து வறண்ட பருவம் தொடங்கும் ஏப்ரல், மே வாக்கில்தான் அங்கே ஆள் எடுப்பார்கள். உரிம மாற்றத்துக்கான தேர்வுகளை இப்போதே படிக்கச் சொல்லுங்கள், கூடவே ஸ்பேனர் பிடிக்கவும்.